பீகார்காரருக்கு உண்டு, முகாம் தமிழருக்கு இல்லை: கூடி நிற்கும் உரிமை யாருக்கு?

2025 ஜூன் 6-ஆம் தேதி அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகள் லாஸ் ஏஞ்சலஸில் சோதனைக்குப் போன இடங்களில் ஒன்று, ஃபேஷன் டிஸ்ட்ரிக்ட் என்கிற துணி வியாபாரப் பகுதியில் இருக்கும் ஓர் ஆடை நிறுவனத்தின் கிடங்கு. நம் திருப்பூர் காதர்பேட்டை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஆட்களைப் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வெளியே கூட்டம் சேர்ந்தது. அதிகாரிகளின் வண்டியை மறித்தார் என்று சொல்லி டேவிட் ஹுவெர்ட்டா என்கிற தொழிற்சங்கத் தலைவரைக் கீழே தள்ளிக் கைது செய்தார்கள். அவர் குடியேறி அல்ல, கலிஃபோர்னியாவில் சேவைத் துறைப் பணியாளர் சங்கத்தின் மாநிலத் தலைவர். அடுத்த சில நாட்கள் அந்த ஊர்த் தெருக்களில் என்ன நடந்தது என்பதை இங்கே கம்பெனி டீ டைமில் போனில் பார்த்துக்கொண்டே பலரும் கருத்துச் சொன்னார்கள். "அதாங்க சரி, இல்லாட்டி ஊரு என்னாகறது" என்றவர்களும் உண்டு, "பாவம், பொழைக்கப் போனவங்க" என்றவர்களும் உண்டு. அந்தப் பேச்சில் சட்டம் மட்டும் வரவில்லை. யார் தெருவில் கூடலாம், யார் கூடக்கூடாது, போலீஸ் எதுவரை போகலாம் என்பதெல்லாம் அங்கே ஒரு மாதிரி, இங்கே ஒரு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. இங்கே எழுதியிருப்பது நாம் மனசில் வைத்திருக்கும் கணக்குக்குக் கிட்டத்தட்ட தலைகீழ்.

முதலில் அமெரிக்கா. ஜூன் 7-ஆம் தேதி அதிபர் டிரம்ப், சாதாரணமாக மாநில ஆளுநரின் கீழ் இருக்கும் கலிஃபோர்னியாவின் தேசியக் காவல் படையில் 2,000 பேரைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து லாஸ் ஏஞ்சலஸில் இறக்கச் சொன்னார். பிறகு இன்னொரு 2,000 பேர், அதோடு மரைன் படையினர் 700 பேர். மாநில ஆளுநர் கேவின் நியூசம் கேட்கவில்லை, வேண்டாம் என்றே சொன்னார். (அங்கே ஆளுநர் என்றால் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறவர், நம் முதல்வர் இடத்தில் இருப்பவர். நம் ஊர் ஆளுநர் கணக்கில் நினைத்துவிட வேண்டாம்.) ஆளுநர் கேட்காமலே அதிபர் இப்படிப் படையை எடுத்துக்கொண்டது அதற்கு முன் கடைசியாக 1965-ல் நடந்தது. அலபாமாவில் செல்மாவிலிருந்து மாண்ட்கமரிக்கு நடந்துபோன கறுப்பின மக்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க அந்த மாநில ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் மறுத்தார், அதிபர் ஜான்சன் படையை எடுத்து ஊர்வலத்துக்குக் காவலாக நிறுத்தினார். 60 வருஷம் கழித்து அதே அதிகாரத்தை எடுத்தபோது படை நின்றது ஊர்வலத்துக்கு எதிர்ப்பக்கம். சட்டத்தில் அதிகாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, அது யாருக்குக் காவல் நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்த இரண்டு வருஷங்கள்தான்.

விஷயம் கோர்ட்டுக்குப் போனது. ராணுவத்தை உள்நாட்டுப் போலீஸ் வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது என்று அங்கே 1878-லேயே ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் லாஸ் ஏஞ்சலஸில் மீறப்பட்டது என்று 2025 செப்டம்பர் 2-ல் நீதிபதி சார்லஸ் பிரையர் தீர்ப்புச் சொன்னார். மேல்முறையீடு, இடைக்காலத் தடை என்று அது இழுத்துக்கொண்டே போனது. சிகாகோவுக்கும் இதேபோல் படை அனுப்பப் பார்த்ததற்கு டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இடம் கொடுக்கவில்லை.

சரி, அந்தத் தெருக்களில் நின்றது யார்? காகிதம் சரியாக இருக்கிறவர்கள்தான் பெரும்பாலும். குடிமக்கள், அங்கேயே பிறந்த பிள்ளைகள், சங்கத்துக்காரர்கள், பாதிரியார்கள். காகிதம் இல்லாதவர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார். குடியேற்றம் சம்பந்தமான போராட்டத்தில் மட்டும் இந்த விசித்திரம் உண்டு. விசைத்தறிக் கூலிக்காக நடக்கிற போராட்டத்தில் விசைத்தறிக்காரர் நிற்பார், மின்கட்டணம் ஏறினால் விவசாயி நிற்பார். இதில் அடிபடுகிறவர் வந்து நின்றால் அன்றைக்கே அவர் கதை முடிந்துவிடும். அதனால் அவருக்காக வேறு யாராவதுதான் நிற்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்கச் சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் இந்தப் பயம் தேவையே இல்லை. 1791-ல் அந்நாட்டு அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்ட முதல் திருத்தம், அமைதியாகக் கூடும் உரிமையை 'மக்கள்' எல்லோருக்கும் கொடுக்கிறது, குடிமக்கள் என்று கட்டுப்படுத்தவில்லை. அந்த நாட்டில் வாழும் வெளிநாட்டவருக்கும் பேச்சுரிமை உண்டு என்று 1945-லேயே அங்கத்திய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஹாரி பிரிட்ஜஸ் என்ற ஆஸ்திரேலியாக்காரர், துறைமுகத் தொழிலாளர் தலைவர், அவரை நாடு கடத்தப் பார்த்த வழக்கு அது. ஊர்வலத்துக்கு லைசென்ஸ் கேட்கலாம், நேரம், இடம், போகும் விதம் இவற்றை ஒழுங்குபடுத்தலாம், ஆனால் என்ன கோஷம் போடப்போகிறாய் என்று பார்த்து அனுமதி கொடுப்பதோ மறுப்பதோ கூடாது, இதுதான் அங்கத்திய அடிப்படை.

எழுத்து அப்படி. நடப்பு 2025 மார்ச் 8-ல் தெரிந்தது. கொலம்பியா பல்கலைக்கழகப் போராட்டங்களில் முன்னால் நின்ற மஹ்மூத் கலீலை, நிரந்தரக் குடியிருப்பு அட்டை, அதாவது கிரீன் கார்டு கையில் இருந்தும், வீட்டு வாசலில் பிடித்து லூசியானாவுக்குக் கொண்டுபோய் ஜூன் 20 வரை அடைத்து வைத்தார்கள். எந்தக் குற்ற வழக்கும் அவர்மேல் இல்லை. ஒருவர் இருப்பது வெளியுறவுக் கொள்கைக்குப் பாதகம் என்று வெளியுறவு அமைச்சர் கருதினால் வெளியேற்றலாம் என்று 1952-ஆம் வருஷக் குடியேற்றச் சட்டத்தில் இருக்கிற ஒரு மூலையை எடுத்து நீட்டினார்கள். அதே மாதம் அதே பல்கலைக்கழகத்தில் படித்த இந்திய மாணவி ஒருவர் விசா ரத்தானதும் தானே பெட்டியைக் கட்டிக்கொண்டு கனடாவுக்குப் போனார். இதற்கப்புறம் கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் இருக்கிற அப்பா அம்மாக்கள் டல்லாஸுக்கும் சான் ஹோசேவுக்கும் வீடியோ காலில் சொன்னது ஒன்றுதான்: "கூட்டத்துப் பக்கமே போயறாத கண்ணு." அந்த புத்தி தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஹெச்-1பி விசாவில் இருக்கிற பிள்ளைக்கு முதல் திருத்தம் பொருந்தும் என்று வக்கீல் சொல்வார்தான், ஆனால் விசா ரத்தானபிறகு உரிமையை நிரூபிக்கச் செலவாகும் மாதங்களையும் டாலர்களையும் வக்கீல் கொடுக்கமாட்டாரே.

இப்போது நம் பக்கம் வருவோம். இங்கேதான் ஆள் மாறுகிறது.

இந்திய அரசியல் சாசனத்தின் 19-ஆம் பிரிவு, அமைதியாகவும் ஆயுதம் இல்லாமலும் கூடும் உரிமையைக் கொடுக்கிறது. யாருக்கு? குடிமக்களுக்கு மட்டும். நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பொது ஒழுங்கு ஆகியவற்றுக்காக நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்றும் அங்கேயே இருக்கிறது. அதே 19-ல்தான் இந்தியா முழுக்க எங்கேயும் போய்வரலாம், எங்கேயும் குடியிருக்கலாம், சங்கம் வைக்கலாம் என்பதும் இருக்கிறது. ஆக, அனுப்பர்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் ஆறு பேரோடு தங்கி ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிற பீகார்காரருக்கு, திருப்பூர் குமரன் சிலை முன்னால் கொடி பிடித்து நிற்க எனக்கு இருக்கிற அதே உரிமை, ஒரு மில்லிமீட்டர் குறையாமல், இருக்கிறது. அவருக்குத் தமிழ் தெரியாது, ரேஷன் கார்டு இங்கே இல்லை, ஓட்டு சீவானிலோ கயாவிலோ இருக்கலாம். எதுவும் இதைக் குறைக்காது. "அவங்களுக்கு ஏதுங்க இங்க உரிமை" என்று கேட்கிற முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் கம்பெனியே அவர்களை நம்பி ஓடிக்கொண்டிருக்கும்போது.

பவானிசாகர் அணைக்குப் பக்கத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. ஈரோட்டில் அறச்சலூரிலும், கோவைப் பக்கம் பூலுவப்பட்டியிலும் உண்டு. 1983-க்குப் பிறகு அலை அலையாக வந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். நம் பாஷை, மாரியம்மன் நோன்பு, பெயிண்டிங் வேலை, கட்டட வேலை என்று ஊரோடு ஊராகிப் போனவர்கள். 2021-ல் தமிழக அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றியது, வீடுகள் கட்டியது, நல்ல விஷயம். ஆனால் கூடி நிற்கும் உரிமை? 19-ஆம் பிரிவு அவர்களுக்குக் கிடையாது. 1987 ஜூலை 1-க்குப் பிறகு இங்கே பிறந்திருந்தாலும் அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இல்லையென்றால் பிறப்பால் குடியுரிமை வராது. அதற்கு முன்னால் பிறந்தவர்களுக்கு வரும். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் உயர்நீதிமன்றம் வரை போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். ஓரிரு வருஷ வித்தியாசத்தில் அக்கா குடிமகள், தம்பி அந்நியர் என்று ஒரே வீட்டுக்குள் கோடு விழலாம்.

குடியுரிமைத் திருத்தச் சட்டம் இவர்களைத் தொடவில்லை, அது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டோடு நின்றுவிட்டது. 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் அமலுக்கு வந்து, 1946-ஆம் வருஷச் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்கள் போயின. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு அதன் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஜெயிலில் போடமாட்டோம் என்கிற அளவுக்கு அது நிம்மதி, குடியுரிமை இல்லை. உச்ச நீதிமன்றத்தின் நிலையும் தெளிவுதான். சாக்மா அகதிகள் வழக்கில் 1996-ல் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் 21-ஆம் பிரிவு குடிமகன் அல்லாதவருக்கும் உண்டு என்று சொன்னார்கள். ஆனால் 2025 மே மாதம், தண்டனை முடித்த ஓர் இலங்கைத் தமிழர் தன்னைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று கேட்டபோது, எல்லா நாட்டு அகதிகளையும் வைத்துக்கொள்ள இந்தியா தர்மசத்திரம் அல்ல, குடியிருக்கும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே என்கிற பொருளில் நீதிபதிகள் சொல்லி மனுவைத் தள்ளினார்கள்.

உலக ஒப்பந்தம் இருக்கிறதே என்று கேட்கலாம். குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 21-ஆம் பிரிவு அமைதியாகக் கூடும் உரிமையைச் சொல்கிறது. அது குடியேறிகளுக்கும் அகதிகளுக்கும் சேர்த்துத்தான் என்று அதைக் கண்காணிக்கும் ஐநா குழு 2020-ல் விளக்கம் கொடுத்தது. இந்தியா 1979-ல் அந்த உடன்படிக்கையில் சேரும்போதே, இந்தப் பிரிவை எங்கள் சாசனத்தின் 19-க்கு உட்பட்டுத்தான் எடுத்துக்கொள்வோம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுச் சேர்ந்தது. கதவு அங்கேயும் சாத்தியாகிவிட்டது.

ஆக, பாஷை பேசுகிறவருக்கு உரிமை இல்லை, பேசாதவருக்கு உண்டு. நம் ஊர்ப் பேச்சில் இது அப்படியே புரண்டு கிடக்கிறது.

அடுத்து, உரிமை இருக்கிறவர் அதை எப்படிப் பயன்படுத்துவது? இங்கேதான் அனுமதி என்கிற சமாச்சாரம் வருகிறது, இதைக் கொஞ்சம் விலாவாரியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சாசனத்தைவிட இதுதான் நடைமுறையில் ஊரை ஆளுகிறது. கோவை, திருப்பூர் மாதிரி காவல் ஆணையர் இருக்கும் மாநகரம் என்றால் 1888-ஆம் வருஷ நகரக் காவல் சட்டத்தின் 41-ஆம் பிரிவு. அதற்கு வெளியே மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் கையில் 1861-ஆம் வருஷப் போலீஸ் சட்டத்தின் 30(2). கலவரம் வரும் என்று தோன்றினால் பழைய 144, இப்போது 2024 ஜூலையிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163. முதல் இரண்டும் வெள்ளைக்காரன் போட்டது. 1932 ஜனவரியில் திருப்பூரில் தடையை மீறி ஊர்வலம் போய், தடியடியில் மண்டை உடைந்து, கொடியை விடாமல் செத்துப்போன குமரன் காலத்திலேயே இருந்த சட்டங்கள் அவை. இன்றைக்கு அந்தக் குமரன் பெயரில் இருக்கிற ரோட்டில் ஆர்ப்பாட்டம் நடத்தவும் அதையே காட்டித்தான் விண்ணப்பம் கேட்கிறார்கள். இதில் எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் அதிகம் வருகிறது.

உச்ச நீதிமன்றம் இதைப்பற்றிப் பேசாமல் இல்லை. பொதுத் தெருவில் கூட்டம் நடத்துவதை ஒழுங்குபடுத்தலாம், ஒரேயடியாக மூடிவிட முடியாது என்று ஹிம்மத்லால் ஷா வழக்கில் ஐந்து நீதிபதி அமர்வு 1972-லேயே சொன்னது. 144-ஐத் திரும்பத் திரும்பப் போட்டு நியாயமான எதிர்ப்பை அமுக்கக்கூடாது, உத்தரவை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரியில் காஷ்மீர் சம்பந்தமான அனுராதா பாசின் வழக்கில் சொன்னார்கள். அதே வருஷம் அக்டோபரில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து டெல்லியில் ரோட்டை மறித்து நடந்த ஷாகீன் பாக் போராட்டம் பற்றிய வழக்கில், பொதுவழியைக் காலவரையறை இல்லாமல் மறித்துக்கொள்ள முடியாது, குறித்துக்கொடுத்த இடத்தில் நடத்துங்கள் என்றார்கள். அந்தக் 'குறித்துக்கொடுத்த இடம்' கோவையில் என்றால் சிவானந்தா காலனி, ஈரோட்டில் சூரம்பட்டி நால் ரோடு. அங்கே மைக் கட்டிக் கத்தினால் பஸ்ஸில் போகிறவர் ஒரு நிமிஷம் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். கலெக்டர் காதில் விழாத இடத்தில் போராட அனுமதி தாராளமாகக் கிடைக்கும்.

அனுமதி இல்லாமல் நடத்தினால்? இதற்குத் தமிழ்நாட்டில் ஒரு சம்பிரதாயமே இருக்கிறது. கோஷம், போலீஸ் வேன், பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம், மத்தியானம் சாப்பாடு, மண்டப ஃபேனுக்கு அடியில் தூக்கம், சாயங்காலம் பெயர், விலாசம் எழுதிக்கொண்டு விடுதலை. மறுநாள் பேப்பரில் '150 பேர் கைது, மாலையில் விடுவிப்பு'. கட்சிக்காரர்களுக்கு இது ஒரு நாள் கூலி மாதிரி. வெளிநாட்டுக்காரர் யாராவது பார்த்தால் நம்பவே மாட்டார். நான் இதைக் கேலி செய்யவில்லை. ரப்பர் குண்டைவிட மண்டபம் எவ்வளவோ மேல். லாஸ் ஏஞ்சலஸில் கேமரா முன் நேரலையில் பேசிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய நிருபரின் காலில் ரப்பர் குண்டு பட்டதை உலகமே பார்த்தது.

ஆனால் மண்டபத்தில் எழுதிக்கொள்கிற பெயர் அங்கேயே நின்றுவிடாது. சட்டவிரோதமாகக் கூடியது, அரசு ஊழியர் உத்தரவை மீறியது என்று வழக்குப் பதிவாகும், பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனில் எட்டிப்பார்க்கும், போலீஸ் வேலைக்கு எழுதுகிற பையனைப் பிடித்து உட்காரவைக்கும். இந்தக் கஷ்டத்துக்கு ஒரு வழி கொங்குப் பகுதியிலிருந்தே போன வழக்கில் கிடைத்தது. கரூர் மாவட்ட வழக்கு ஒன்றில் 2018 செப்டம்பரில் மதுரை அமர்வில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், உத்தரவை மீறியதற்கான பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, சம்பந்தப்பட்ட அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்றார். அதைக் காட்டி நூற்றுக்கணக்கான ஆர்ப்பாட்ட வழக்குகள் ரத்தாகின. ரத்து செய்யவும் வக்கீல் வேண்டும், மதுரைக்கோ சென்னைக்கோ பஸ் ஏற வேண்டும். கட்சிக்காரருக்குக் கட்சி வக்கீல் இருப்பார். அனுப்பர்பாளையத்துக்காரருக்கு?

இந்தக் கேள்வி வெறும் கற்பனை இல்லை. 2023 தொடக்கம் ஞாபகம் இருக்கும். ஜனவரியில் திருப்பூரில் ஒரு டீக்கடைத் தகராறு, சிகரெட் புகை முகத்தில் பட்டதில் ஆரம்பித்தது, வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்ப் பையன்களைத் துரத்துகிற வீடியோவாகச் சுற்றியது. மார்ச்சில் அது திரும்பியது. தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை வெட்டுகிறார்கள் என்று வேறு எங்கெங்கோ நடந்த சம்பவங்களின் வீடியோக்களை ஒட்டிப் பரப்பினார்கள், பீகார் சட்டசபையில் ரகளை, அங்கிருந்து அதிகாரிகள் குழு சென்னைக்கும் திருப்பூருக்கும் வந்து பார்த்துவிட்டுப் பொய் என்று சொல்லிப் போனது. ஹோலிக்கு ஊருக்குப் போகிற கூட்டமும் பயத்தில் போகிற கூட்டமும் ரயில்வே ஸ்டேஷனில் ஒன்றாகக் கலந்து நின்றன. போலீஸ் ஹிந்தியில் பேசி வீடியோ போட்டது, ஹெல்ப்லைன் திறந்தது, வதந்தி பரப்பியவர்கள்மேல் வழக்குப் போட்டது. அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

அதே நாட்களில் திருப்பூர்த் தண்டவாளத்தில் பீகார்த் தொழிலாளர் ஒருவர் இறந்து கிடந்தார். கூட வேலை செய்தவர்கள் ரயில்வே காவல் நிலையத்தின் முன் திரண்டார்கள், கொலை என்று சந்தேகம். ரயில் மோதியதுதான் என்று போலீஸ் கேமரா பதிவைக் காட்டி, அதிகாரிகள் பேசி, கூட்டம் கலைந்தது. கையாண்ட விதம் நிதானமாகத்தான் இருந்தது. நான் கவனித்தது வேறு. அந்தக் கூட்டத்தைப் பற்றி ஊரில் பேசியவர்கள் எல்லோரும் அதை ஆபத்து என்று பேசினார்கள், அல்லது வதந்தியின் விளைவு என்று பேசினார்கள். கூட வேலை பார்த்தவன் எப்படிச் செத்தான் என்று கேட்க ஸ்டேஷன் வாசலுக்குக் கூட்டமாகப் போவது என்பது நம் ஊர்க்காரர்கள் காலம் காலமாகச் செய்கிறதுதானே, இந்த உரிமையை அவர்கள் இப்போதுதான் எடுத்திருக்கிறார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஓட்டு இங்கே இல்லாததால் பரிந்து பேச கவுன்சிலரும் வரமாட்டார். பீகார்க்காரர் காகிதத்தில் குடிமகன், தெருவில் விருந்தாளி, அதுவும் சத்தம் போடாத வரைக்கும்.

குடியேற்றப் போராட்டம் என்றால் குடியேறிகளுக்கு ஆதரவாக மட்டும் இல்லை, எதிராகவும் நடக்கும். 2025 ஆகஸ்ட் 31-ல் ஆஸ்திரேலிய நகரங்களில் ஆட்களைக் கொண்டுவருவதை நிறுத்து என்று ஊர்வலம் போனார்கள், அதன் பிரசுரங்களில் இந்தியர்களையே பெயர் சொல்லிக் குறிவைத்திருந்தார்கள். மெல்போர்னில் இருக்கும் நம் பிள்ளைகள் அன்றைக்குக் கடைகண்ணிக்குப் போகாமல் வீட்டில் இருந்தார்கள். இங்கே அதே கோஷத்தை, வடவரை வெளியேற்று, உள்நுழைவு அனுமதிச் சீட்டுக் கொண்டுவா என்று தமிழ்த்தேசிய அமைப்புகள் போடும்போது மட்டும் நமக்கு அது மண்ணுரிமையாகத் தெரிகிறது. இரண்டையும் ஒரே தராசில்தான் நிறுக்க வேண்டும். கொள்கை பிடிக்கவில்லை என்று தெருவில் நின்று சொல்ல ஆஸ்திரேலியருக்கு உரிமை உண்டு, நம்மவருக்கும் உண்டு, எனக்கு அந்தக் கோஷம் பிடிக்கவில்லை என்பதற்காகப் போலீஸ் அனுமதி மறுத்தால் நான் மறுப்பின் பக்கம் நிற்கமாட்டேன். கோடு எங்கே விழுகிறது என்றால் கல் எடுக்கிற இடத்தில், அடி என்று ஏவுகிற இடத்தில். 2024 ஜூலையில் இங்கிலாந்தில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டபோது, குத்தியவன் படகில் வந்த அகதி என்று பொய்ச் செய்தி பரவி, ராதர்ஹாமில் அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலுக்கே தீ வைக்கப் பார்த்தார்கள். அது கூட்டம் கூடும் உரிமை இல்லை, தீவைப்பு. திருப்பூர் வீடியோக்களும் சவுத்போர்ட் பொய்யும் ஒரே சரக்கு. இங்கே தீ பிடிக்கவில்லை என்பதற்கு போலீஸும் ஒரு காரணம், ஆர்டர் கெட்டுவிடும் என்கிற முதலாளிகளின் பயமும் ஒரு காரணம்.

கலைக்கும்போது எவ்வளவு பலம் என்பதற்குச் சட்டம் எழுதி வைத்திருப்பது எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: எச்சரி, கலைய நேரம் கொடு, தேவைக்கு மேல் கை வைக்காதே. கொங்கு நாட்டுக்காரருக்கு இதைப் பாடமெடுக்க வேண்டியதில்லை. 1970 ஜூன் 19-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்து நின்ற விவசாயிகள் மூன்று பேர் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள், நினைவுத்தூண் அங்கேயே இருக்கிறது. வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு 1972-ல் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவை ரோடுகளை அடைத்தபோது, அது இன்றைய ஷாகீன் பாக் தீர்ப்பின்படி பார்த்தால் சட்டவிரோதமாகத்தான் இருந்திருக்கும். அதைப் பெருமையாகச் சொல்கிற அதே வாய் மற்றவர் ரோட்டை மறித்தால் தூக்கி உள்ளே போடு என்கிறது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர். 2026 ஜனவரியில் மினியாபொலிஸில் குடியேற்ற அதிகாரிகள் சுட்டு இறந்த இரண்டு பேரும் அமெரிக்கக் குடிமக்கள், குடியேறிகள் இல்லை.

2025 செப்டம்பர் 27-ல் கரூர் வேலுச்சாமிபுரத்தில் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் செத்த பிறகு கூட்டங்களுக்குப் புது நெறிமுறை, ஆள் கணக்கு, தண்ணீர், ஆம்புலன்ஸ் வழி என்றெல்லாம் பேச்சு வந்தது. அது வேண்டியதுதான், குழந்தைகள் மிதிபட்டுச் செத்தபிறகு யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. பத்தாயிரம் பேரைக் கூட்டுகிற கட்சிக்கு எழுதிய விதியை, சம்பள பாக்கிக்காகக் கம்பெனி கேட் முன்னால் நிற்கிற நாற்பது பேரிடம் நீட்டாமல் இருந்தால் சரி.

முகாமில் இருப்பவர்கள் இந்த விதிகள் எதிலும் மாட்டுவதில்லை, அவர்கள் கூடுவதே இல்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாளன்று வீட்டுக் கூரைக்கும் பிள்ளையின் காலேஜ் சர்டிஃபிகேட்டுக்கும் மனு கொடுக்க வருவார்கள், இரண்டு மூன்று பேராக, வரிசையில். ஐந்து பேர் சேர்ந்தால்தான் சட்டவிரோதக் கூட்டம் என்று பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புதிய தண்டனைச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு சொல்கிறது. அதைப் படித்திருக்கிறார்களோ இல்லையோ, அதற்குக் கீழேயே நிற்கிறார்கள்.